பெட்டியிலிருந்து அழித்தாகிவிட்டது

அப்பு, நீ போனில் கேட்டுக்கொண்டபடியே அந்தப் பதிவை அழித்தாகிவிட்டது. நெட்டில் இருந்ததை அந்தச் சேனல்காரர்களிடம் சொல்லி எடுக்கவைத்துவிட்டதாகச் சொன்னாய். மிச்சமிருந்தது நம் வீட்டு டி.வி.க்குக் கீழே இருக்கும் பெட்டிக்குள் மட்டும்தான். அதுவும் போயிற்று. இந்த இடத்தோடு நான் நிறுத்திக்கொண்டால் நீ நிம்மதியாகக் கல்யாணத் துணி எடுக்கப் போவாய். ஆனால் அழித்தது நான் இல்லை. யார் அழித்தது, அதற்கு முன்னால் அதை யார் பார்த்தது என்பதையும் நீ தெரிந்துகொள்ள வேண்டும். போனில் சொன்னால் பாதியிலேயே "மீட்டிங் இருக்கும்மா" என்பாய். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். அங்கன்வாடிப் பிள்ளைகளுக்கு நான் எதையும் முதலிலிருந்துதான் சொல்வேன். உனக்கும் அப்படியே சொல்கிறேன்.

அப்போது நீ கோயம்புத்தூரில் கடைசி வருஷம் படித்துக்கொண்டிருந்தாய். "அம்மா, வர்ற ஞாயித்துக்கெழம நான் டி.வி.ல வர்றேன். விவாத நிகழ்ச்சி. அப்பாகிட்டயும் சொல்லிருங்க" என்றாய். எதைப் பற்றி விவாதம் என்று கேட்டேன். "பாக்கத்தானே போறீங்க" என்று சிரித்துவிட்டு வைத்துவிட்டாய். அந்தச் சிரிப்பை நான் சந்தோஷம் என்று எடுத்துக்கொண்டேன். உன் அப்பா மலையிலிருந்து வந்து ஜீப்பை நிறுத்தியதும் சொன்னேன். தோட்டத்து வேலைக்குப் போகிற பெண்கள் இன்னும் இறங்கக்கூட இல்லை. அவர் திரும்பிப் பார்த்து, "ஏ பேச்சி, எம்மவன் டி.வி.ல வர்றானாம்" என்று கத்தினார். பேச்சியம்மாள் தூக்குவாளியை இடுப்பில் வைத்தபடியே, "அப்ப அன்னைக்கு நாங்க யாரும் ஏலக்கா பறிக்கப் போகல அண்ணே, உங்க வீட்டுலதான் இருப்போம்" என்றாள். அந்தப் பேச்சில்தான் அவருக்கு யோசனை வந்தது. ஒரு தடவை வந்துவிட்டுப் போனால் போதாது, அதைப் பிடித்து வைக்க வேண்டும்.

அதுவரை நம் வீட்டில் கேபிள்தான். கேபிள்காரர், "அண்ணே, இந்த டப்பா படம் காட்டும், பிடிச்சு வைக்காது" என்று சொல்லிவிட்டார். செல்போனை டி.வி.க்கு நேராகப் பிடித்து எடுத்துவிடலாம் என்றேன் நான். மூஞ்சி கலங்கலாகத் தெரியும் என்றார். மறுநாள் அரை நாள் ட்ரிப்பை வேறொருவருக்கு விட்டுக்கொடுத்துவிட்டு, என்னையும் கூட்டிக்கொண்டு போடி பஜாரில் இருக்கும் டி.வி. கடைக்குப் போனார். கடைக்காரர் மூன்று சாமான்களை எடுத்து வைத்தார். ஒன்று, சி.டி. மாதிரித் தட்டில் பதிகிற பழைய மாடல்; விற்காமல் மூலையில் கிடந்தது. இன்னொன்று, பென் டிரைவைச் செருகிப் பதிகிற சின்னப் பெட்டி. மூன்றாவது, பதிகிற ஹார்ட் டிஸ்க் உள்ளேயே இருக்கிற பெரிய டிஷ் பெட்டி. ஒவ்வொன்றும் என்னென்ன செய்யும் என்று அவர் அடுக்கிக்கொண்டே போனார். உன் அப்பா பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அது கெடக்கட்டும் தம்பி. எதெது என்னென்ன செய்யாது, அதச் சொல்லுங்க" என்றார். பழைய ஜீப்பு வாங்கப் போனாலும் அவர் அப்படித்தான். எந்த மேட்டில் நின்றுபோகும் என்றுதான் முதலில் கேட்பார். நீயும் ஒரு பொருளையோ ஒரு ஆளையோ எடுப்பதற்கு முன்னால் அப்படிக் கேட்டுப் பழகு. உன்னைப் பற்றி யாராவது அப்படிக் கேட்டால் பதில் சொல்லவும் தயாராக இரு.

கடைக்காரர் நேர்மையானவர். தட்டு கீறிவிடும் என்றார். பென் டிரைவ் சூடானால் பாதியில் நின்றுவிடும், அதில் ஒரு சேனலைப் பார்த்துக்கொண்டு இன்னொன்றைப் பதியவும் முடியாது என்றார். பெரிய பெட்டி கரண்டு போனால் நிற்கும். அதில் பதிந்ததை வெளியே எடுக்க முடியாது, வேறு டி.வி.யில் ஓட்ட முடியாது, மாதச் சந்தா கட்டவில்லையென்றால் பதிந்தது உள்ளேயே இருக்கும், ஆனால் திறக்காது. எனக்குத் தட்டுதான் சரியென்று பட்டது. சிலமலையில் இருக்கிற உன் அத்தை வீட்டுக்கு எடுத்துப்போய்க் காட்டலாமே என்றேன். உன் அப்பா கேட்கவில்லை. "வாங்கிட்டுப் போறவன் திருப்பித் தர மாட்டான். இது நம்ம வீட்ட விட்டு எங்க போகப் போகுது? பாக்கணும்னா நம்ம வீட்டுக்கு வரட்டும்" என்றார். பெரிய பெட்டியைத்தான் வாங்கினார். கடைக்காரர் வீட்டுக்கே வந்து மாட்டிக்கொடுத்து, எந்தப் பொத்தானை அமுக்க வேண்டும் என்று சொல்லித்தந்தார். அவர் போன பிறகு உன் அப்பா ஒரு சமையல் நிகழ்ச்சியைப் பதிந்து பார்த்து, அழித்து, திரும்பப் பதிந்து பார்த்தார். ஞாயிற்றுக்கிழமை கரண்டு போய்விட்டால் என்ன செய்வது என்று, மைக் செட்காரரிடம் இன்வெர்ட்டர் இரவல் வாங்கி, ஜீப்பு பேட்டரியைக் கழற்றி வீட்டுக்குள் கொண்டுவந்து கோத்துவைத்தார். உன் முகம் டி.வி.யில் வருவதற்காக அன்றைக்கு அவருடைய வண்டி உயிரில்லாமல் தெருவில் நின்றது.

ஞாயிற்றுக்கிழமை வீடு கொள்ளவில்லை. உன் அத்தை முதல் பஸ்ஸிலேயே வந்துவிட்டாள். ஜீப்பு ஸ்டாண்டு ஆட்கள் வாசலில் நின்றார்கள். பேச்சியம்மாளும் அவளோடு மலைக்குப் போகிறவர்களும் தரையில் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். நான் எல்லோருக்கும் கேசரி கிண்டியிருந்தேன். நிகழ்ச்சி தொடங்கியதும்தான் தலைப்பு தெரிந்தது. பெற்றோரை வெளியில் காட்டிக்கொள்ளக் கூச்சப்படும் பிள்ளைகள் ஒரு பக்கம், அது தப்பு என்று பேசுகிற பிள்ளைகள் இன்னொரு பக்கம். நீ எந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிறாய் என்று புரிய எனக்குக் கொஞ்ச நேரம் ஆனது. உன் அத்தைக்குப் புரியவே இல்லை. உன்னைப் பார்த்ததும் அவள் குலவை போட்டாள்.

மைக் உன் கைக்கு வந்தது. நீ என்ன சொன்னாய் என்று உனக்கு மறந்திருக்கலாம். எனக்கு ஒரு சொல்கூட மறக்கவில்லை. "எங்கப்பா ஜீப் ஓட்டுறாரு சார். ஒருநாள் பையைக் குடுக்க ஹாஸ்டலுக்கே வந்துட்டாரு. சட்டையெல்லாம் மருந்து வாடை சார், தோட்டத்துக்கு அடிப்பாங்களே, அந்த வாடை. பக்கத்துல நிக்க முடியல. ஃப்ரெண்ட்ஸ் யாருடான்னு கேட்டாங்க. எங்க வீட்டு டிரைவர்னு சொல்லிட்டேன்." அரங்கமே சிரித்தது. நடத்துகிறவர், "அவர் காதுல விழுந்துச்சா?" என்று கேட்டார். நீ, "விழுந்துச்சு சார். அதுக்கப்புறம் அவரே டிரைவர் மாதிரி பேச ஆரம்பிச்சுட்டாரு. பையை ரூம்ல கொண்டுபோய் வச்சுட்டு, 'வர்றேன் தம்பி, ஐயாகிட்ட சொல்லிர்றேன்'னு கிளம்பிட்டாரு. செம நடிப்பு சார்" என்றாய். இன்னும் பெரிய சிரிப்பு. வருத்தமாக இல்லையா என்று அவர் கேட்டார். "மனசுல பட்டத சொல்றேன் சார். நாளைக்கு வந்தாலும் அதையேதான் சொல்லுவேன்" என்றாய். ஒளிவுமறைவில்லாமல் பேசியதற்காகக் கைதட்டினார்கள். முடிவில் உனக்கு ஒரு பரிசுப்பெட்டியும் கொடுத்தார்கள்.

எனக்கு அது எதுவும் அதுவரை தெரியாது, அப்பு. அந்த நாளில் கோயம்புத்தூர் போய்விட்டு வந்தவர் என்னிடம், உன் நண்பர்கள் அவரை உட்காரவைத்துக் காபி வாங்கிக் கொடுத்தார்கள் என்றும், ஒரு பையன் காலில் விழுந்து கும்பிட்டான் என்றும் சொல்லியிருந்தார். அதை நான் அங்கன்வாடியில் எத்தனை பேரிடம் சொல்லியிருக்கிறேன் தெரியுமா? அது அத்தனையும் அவர் வழியில் ஜீப்பு ஓட்டிக்கொண்டே கட்டின கதை என்று டி.வி. சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. இன்னொன்றும் கேட்டுக்கொள். அன்றைக்கு அவர் போட்டிருந்தது புதுச் சட்டை. கடை மடிப்புக் கலையாமல் நான்தான் போட்டுவிட்டேன். அதில் எந்த மருந்து வாடையும் கிடையாது. சிரிப்பு வரவேண்டும் என்பதற்காக நீ சேர்த்துக்கொண்டது அது. டிரைவர் என்று சொன்னதையாவது பயத்தில் வாய் தவறியது என்று வைத்துக்கொள்ளலாம். வாடையை நீ யோசித்துத்தான் சேர்த்திருக்கிறாய்.

உன் அத்தைதான் முதலில், "என்னடா இந்தப் பய இப்பிடிப் பேசுறான்" என்று வாயெடுத்தாள். உன் அப்பா கையை உயர்த்தி, "சத்தம் போடாதீக, ரெக்கார்டு ஆகுது" என்றார். நாம் பேசுகிற சத்தம் அதில் பதியாது என்று கடைக்காரர் சொல்லித்தான் இருந்தார். அது அவருக்கும் தெரியும். ஆனாலும் அத்தனை பேரும் அவருக்காக வாயை மூடிக்கொண்டு, நிகழ்ச்சி முடிகிறவரைக்கும் உன்னைப் பார்த்தார்கள். முடிந்ததும் பேச்சியம்மாள் எழுந்து, "அண்ணே, நாளைக்கு வெரசா கெளம்பணும்ல? பேட்டரிய மாட்டிருங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள். கேசரியை யாரும் தொடவில்லை. நான் அதைக் கொண்டுபோய்க் கோழிக்குப் போட்டேன்.

அன்று சாயங்காலமே ரிமோட்டை எடுத்து அதை அழிக்கப் போனேன். "அழிக்கவா?" என்று திரையில் கேட்டது. அவர் என் கையிலிருந்து ரிமோட்டைப் பிடுங்கிக்கொண்டார். "வைய்யி. எம்மவன் என்னையப் பத்தி நாலு பேருக்கு முன்னாடி பேசினது இது ஒண்ணுதான்" என்றார். நான் அவரைத் திட்டாத திட்டு இல்லை. சூடு சொரணை இல்லாத மனுஷன் என்றேன். பதிலுக்கு அவர் சொன்னது, "சட்டை விசயந்தான் அவனுக்கு ஞாபகம் தப்பிருச்சு. புதுச் சட்டையில்ல அது?" என்பதுதான். ஜீப்பு ஸ்டாண்டில் இளவட்டங்கள், "ஐயாகிட்ட சொல்லிர்றேன்" என்று அவர் காதுபடச் சொல்லிச் சிரித்தார்கள். அவரும் கூடச் சேர்ந்து சிரித்துவிட்டு வண்டியை எடுப்பார். அந்தத் தீபாவளிக்கு நீ வந்தாய். ஒன்றுமே நடக்காத மாதிரி உட்கார்ந்து கறிச்சோறு தின்றாய். பெட்டியில் உன் நிகழ்ச்சியின் பெயரைப் பார்த்துவிட்டு, "இன்னுமா வச்சிருக்கீங்க?" என்று சிரித்தாய். அவர் வெட்கப்பட்டார். நீ பேசியதற்கு அவர் வெட்கப்பட்டார்.

பிறகு நீ சென்னைக்குப் போனாய், வேலை கிடைத்தது, வருவது குறைந்தது. அவருக்குச் சர்க்கரை கண்ணில் இறங்கியது. போடிமெட்டு வளைவில் எதிரே வந்த பஸ்ஸு தெரியாமல் ஒருநாள் ஜீப்பைப் பாறையோடு உரசி நிறுத்தினார். பின்னால் பேச்சியம்மாளும் மற்றவர்களும் இருந்தார்கள். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. கீழே இறங்கி வந்தவர் சாவியை என்னிடம் கொடுத்துவிட்டார். வண்டியையும் விற்றோம். உன்னிடம் போனில் சொன்னபோது, "நல்லதாப் போச்சும்மா, இனியாவது அந்தச் சோலிய விட்டாரே" என்றாய். இப்போது அவருக்கு வெளிச்சமும் நிழலும்தான் தெரியும். ஆனாலும் வாரத்தில் ஒருநாள் அந்தப் பதிவைப் போடச் சொல்வார். திரையைப் பார்க்க மாட்டார். தலையைச் சாய்த்துக் கேட்பார், அவ்வளவுதான். நான் போட்டுவிட்டுத் தண்ணிக் குழாயடிக்குப் போய்விடுவேன்.

போன வாரம் நீ பேசினபோது போன் ஸ்பீக்கரில் இருந்தது. பொண்ணு வீட்டார் அடுத்த மாதம் வருகிறார்கள், அதற்குள் அதை அழித்துவிட வேண்டும், யாராவது வாய்தவறி உளறினால் அவ்வளவுதான் என்றாய். அப்பாவை என்ன செய்யலாம் என்று யோசித்துச் சொல்கிறேன் என்றும் சொன்னாய். என்ன செய்யலாம் என்றால் என்ன அர்த்தம் என்று நான் கேட்பதற்குள் வைத்துவிட்டாய். அவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். "அவன் சொல்றது சரிதானடி. அழிச்சிரு" என்றார். எந்தப் பதிவுக்காக என் கையிலிருந்து ரிமோட்டைப் பிடுங்கினாரோ, அதையே. எனக்கு அப்போது மனசு வரவில்லை. நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளிவிட்டேன்.

வெள்ளிக்கிழமை நான் அங்கன்வாடி முடிந்து வருகிறேன், வாசலில் ஒரு கார் நிற்கிறது. உனக்குப் பார்த்திருக்கிற அந்தப் பெண் நிவேதாவும் அவளுடைய அப்பாவும். தேனியில் ஒரு கல்யாணத்துக்கு வந்தவர்கள், இவ்வளவு தூரம் வந்தாயிற்றே என்று விசாரித்துக்கொண்டு வந்துவிட்டார்கள். அவளுடைய அப்பா படியில் நின்று, "ஏலத்தோட்டக்காரர் வீடு இதுதானா? ஐயா இருக்காங்களா?" என்று கேட்டது என் காதில் விழுந்தது. நீ அவர்களிடம் என்ன சொல்லி வைத்திருக்கிறாய் என்று அந்த ஒரு கேள்வியிலேயே எனக்கு விளங்கிவிட்டது. உன் அப்பாவுக்கு எனக்கு முன்னாலேயே விளங்கிவிட்டது. கயிற்றுக் கட்டிலிலிருந்து எழுந்து, துண்டைத் தோளிலிருந்து எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு, குரல் வந்த திசையைப் பார்த்துக் கும்பிட்டார். "வாங்கய்யா. மொதலாளி மேல தோட்டத்துல இருக்காக. நான் டிரைவருங்க" என்றார்.

அந்த மனுஷர் குழம்பிப்போனார். "பெரியவரே, உங்களுக்குக் கண்ணு தெரியலயே. எப்படி வண்டி ஓட்டுறீங்க?" என்றார். உன் அப்பா இடுப்புத் துண்டை அவிழ்த்துத் திரும்பக் கட்டினார். நான் செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே போனேன். "வாங்க, உள்ள வந்து உக்காருங்க. இவரு டிரைவர்தான். எம்மவனப் பெத்த அப்பாவும் இவருதான். தோட்டம் எங்களுக்கு ஒரு செண்டுகூடக் கெடையாது" என்றேன். அந்தப் பெண் என்னைப் பார்த்து, "அப்புறம் ஏன் ஆன்ட்டி, மொதலாளி தோட்டத்துல இருக்கார்னு இவர் சொன்னார்?" என்று கேட்டாள். அவளுக்கு வாயால் பதில் சொல்ல எனக்குத் தெரியவில்லை. டி.வி.யைப் போட்டேன்.

"வேணாம்டி, வேணாம்டி" என்று உன் அப்பா கத்தினார். ரிமோட்டைப் பறிக்க வந்தார். கண் தெரியாத மனுஷன், கை காற்றில் தேடுகிறது. நான் அதை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு ஒதுங்கி நின்றேன். அவர் டி.வி.யின் மேல் மோதி, ஸ்டாண்டைப் பிடித்துக்கொண்டு அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டார். நீ திரையில் பேசினாய். அரங்கம் சிரித்தது, கைதட்டியது. அவர் தலைக்கு மேலேதான் அத்தனையும் ஓடியது. நிவேதா முடிவுவரை பார்த்தாள். பிறகு எழுந்துபோய் அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, "அன்னைக்குப் பையை வச்சுட்டு எங்க போனீங்க?" என்று கேட்டாள். "எங்கயும் போகல தாயி. கேட்டுக்கு எதுத்தாப்புல வண்டியிலதான் இருந்தேன். சாயங்காலம் டீக்குடிக்க வெளிய வந்தான். கூட அந்தப் பயலுக இருந்தாங்க. பாத்துட்டுக் கெளம்பிட்டேன்" என்றார். இத்தனை வருஷத்தில் என்னிடம் சொல்லாததை அந்தப் பெண்ணிடம் சொன்னார்.

அவர்கள் கிளம்பும்போது கார்வரைக்கும் போனேன். அந்தப் பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டு, "என் மகனக் கட்டிக்காத தாயி" என்றேன். பெற்றவள் சொல்லக்கூடாததுதான். எனக்குச் சொல்ல வேண்டும் என்று இருந்தது, சொன்னேன். உன் தொப்புள்கொடி விழுந்த அன்றைக்கு எனக்குப் புத்தி எவ்வளவு தெளிவாக இருந்ததோ அவ்வளவு தெளிவாகத்தான் சொன்னேன். அவள் யோசித்து உன்னிடமே பேசுவதாகச் சொன்னாள். நேற்று அவளுடைய அப்பா போன் போட்டு, இது சரிப்படாது, நீங்களே பையனிடம் சொல்லிவிடுங்கள் என்றார். இதோ, சொல்லிவிட்டேன்.

அவர்கள் கார் தெரு திரும்பியதும் உன் அப்பா பக்கத்து வீட்டுப் பெண்ணைக் கூப்பிட்டார். "அழிக்கவான்னு கேக்கும் ஆத்தா. ஆமான்னு அமுக்கு" என்றார். அவள் அமுக்கினாள். "போயிருச்சா?" என்று கேட்டார். போய்விட்டது என்றாள். அன்றிலிருந்து அவர் என்னோடு பேசுவதில்லை. நான் போட்டுவைக்கிற சோற்றைத் தொடுவதில்லை. பேச்சியம்மாள் வந்து பிசைந்து கையில் கொடுத்தால் வாங்கிக்கொள்கிறார். "எம்பிள்ள வாழ்க்கையக் கெடுத்துப்புட்டா" என்று வருகிற போகிற எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறார். அவர் சொல்வது உண்மைதான். கெடுத்துத்தான் விட்டேன். எனக்கு இதுவரை வருத்தம் வரவில்லை.

இதைப் படித்ததும் என்னைத் திட்டத் தோன்றும். தாராளமாகத் திட்டு. ஆனால் ஒன்று. உன் நம்பரைப் போட்டுக்கொடுக்கச் சொல்லி அவர் பேச்சியம்மாளிடம் கெஞ்சிக்கொண்டிருக்கிறார். நடிப்பு சரியாக வரவில்லை என்று உன்னிடம் மன்னிப்புக் கேட்கப்போகிறாராம். இன்றோ நாளையோ அந்தப் போன் உனக்கு வரும். அவர் அழுவார். அப்போது, "பரவாயில்லப்பா, விடுங்க" என்று மட்டும் சொல்லிவிடாதே. அப்படிச் சொல்லி நீ அவரை மன்னித்துவிட்டாயானால், நான் செத்தாலும் நீ இந்த வீட்டுப் படி ஏற வேண்டாம்.

அம்மா